முப்பது கோழி போதுமா?

முட்டைக்கோழிப் பண்ணையில் ஷெட்டுக்கு ஒரு பதிவேடு தொங்கும். இன்று எத்தனை கோழி செத்தது, எத்தனை முட்டை வந்தது, எவ்வளவு தீவனம் போனது, எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று தினமும் அதில் எழுதுவார்கள். பத்தாயிரம் கோழி வைத்திருப்பவர் ஒன்றிரண்டு சாவதைக் கண்டு பதறமாட்டார். தண்ணீர் குறைகிறது, தோல்முட்டை கூடுகிறது, சாவு மறுநாள் இரட்டிப்பாகிறது என்றால்தான் டாக்டருக்கு போன் போகும். நோய்க் கண்காணிப்பின் முதல் கருவி எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இந்த நோட்டுதான். பிசிஆர் இயந்திரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏன் அப்படி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஷெட்டில் பத்தில் ஒரு கோழிக்குத் தொற்று இருக்கிறது, ஆனால் வெளியே எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 30 கோழிகளைப் பிடித்துச் சோதித்தால், முப்பதும் நோயற்றவையாக அமைந்து நாம் ஏமாறும் வாய்ப்பு நூற்றில் நான்குதான். நல்ல வலை. ஆனால் நூற்றில் ஒரு கோழிக்கு மட்டும் தொற்று இருக்கும் ஆரம்ப நாளில் அதே 30 கோழிகளைச் சோதித்தால், ஏமாறும் வாய்ப்பு நூற்றில் 74. அப்போது 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஏறக்குறைய 300 கோழிகளைப் பிடிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: ஷெட்டில் பத்தாயிரம் கோழி இருந்தாலும் ஒரு லட்சம் இருந்தாலும் இந்த எண்கள் அநேகமாக மாறாது. மந்தையின் அளவை விட, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே கணக்கை ஆள்கிறது.

அதனால்தான் விவரமறிந்த கால்நடை மருத்துவர், துள்ளித் திரியும் கோழிகளை விட்டுவிட்டு, அன்று காலை செத்தவற்றையும் மூலையில் கூம்பி நிற்பவற்றையும் முதலில் கேட்பார். வைரஸ் இருந்தால் அங்கேதான் இருக்கும். கோழி என்றால் தொண்டையிலிருந்தும், வாத்து என்றால் தவறாமல் எச்சத் துவாரத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். சால்மோனெல்லாவைத் தேட இன்னும் எளிய வழி உண்டு. காலணிக்கு மேல் ஒரு துணி உறையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் போதும், உறையில் ஒட்டிய எச்சம் முழு மந்தைக்கும் சாட்சி சொல்லும்.

ரத்தப் பரிசோதனை சொல்வது வேறு கதை. வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை விட, வந்து போயிற்றா என்பதை அது காட்டும். 1941இல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கண்ட ஒரு நிகழ்வுதான் இன்றும் அடிப்படை: இன்ஃபுளுவென்சா வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் வைரஸ் கட்டுண்டு போகும்; சிவப்பணுக்கள் தட்டின் குழியில் சிறு பொட்டாக அடியில் தங்கும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கேட் நோய்க்கான வைரஸும் இதே வேலையைச் செய்கிறது. பண்ணையாளர்கள் ‘டைட்டர்’ என்று பார்ப்பது இந்த எதிர்ப்புப் பொருளின் அளவைத்தான். தடுப்பூசி போட்டு நாளாகியும் டைட்டர் திடீரென ஏறினால், வெளியிலிருந்து வைரஸ் வந்து உரசிவிட்டுப் போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கோழியைக் குத்தாமலே முட்டையின் மஞ்சள் கருவிலும் இந்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கலாம்.

ராணிக்கேட்டையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, முதலில் பலரும் ராணிக்கேட் என்றே நினைத்தார்கள். பிப்ரவரி 18ஆம் தேதிதான் எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்ற அறிவிப்பு வந்தது. இந்தியாவில் அது முதல் முறை. உறுதிசெய்த போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகம்தான் இன்றும் கடைசி வார்த்தை சொல்லும் இடம். அங்கிருந்து ‘ஆம்’ என்று வந்துவிட்டால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் கோழி, வாத்து எதுவும் மிஞ்சாது. பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வளையம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கேரளத்தின் குட்டநாடு. அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் மேய்கின்றன. அதே நீர்நிலைகளில் வலசைப் பறவைகளும் இறங்குகின்றன. ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்களில் 2014இல் எச்5என்1, 2021 ஜனவரியில் எச்5என்8, 2024 ஏப்ரலில் ஆலப்புழாவில் மறுபடி எச்5என்1. ஒவ்வொரு முறையும் தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் பறவை சோதனைச் சாவடி வழியாக வருவதில்லை. 2020–21 குளிர்காலத்தில் ராஜஸ்தானில் காகங்கள் செத்து விழுந்தன, இமாச்சலின் போங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அதே இனம் குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. ஆக, ஏரிக்கரையில் செத்துக் கிடக்கும் ஒரு பறவையும் கண்காணிப்புக் கணக்கில் சேர வேண்டியதே.

கோழிகளுக்கெல்லாம் பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2023 அக்டோபரில் பிரான்ஸ் தன் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. உடனே அமெரிக்கா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தடுப்பூசி போட்ட பறவை சாகாமலே வைரஸைச் சுமக்கக்கூடும் என்பதே பயம்; சாவு எண்ணிக்கை என்ற மணி அடிக்காமல் போய்விடும். அதனால் பிரான்ஸ் செத்த வாத்துகளை வாராவாரம் சோதிக்கிறது, உயிருள்ளவற்றிலும் மாதந்தோறும் மாதிரி எடுக்கிறது. தடுப்பூசி போட்டால் கண்காணிப்புச் செலவு கூடுமே தவிரக் குறையாது.

இத்தனைக்கும் நடுவில் மிகப் பலவீனமான கண்ணி ஆய்வகத்தில் இல்லை. 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட தொற்றுநோய் இருக்கலாம் என்று சந்தேகித்தாலே உரிமையாளர் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் சொன்ன மறுநாள் தன் மந்தை அழியும், ஊர் முழுக்கக் கோழி விலை விழும், பக்கத்துப் பண்ணைக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று அவருக்குத் தெரியும். இழப்பீடு எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. 2021இல் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய் என்று உடனே அறிவித்தது. தொகையை விட அந்த வேகம் முக்கியம் என்பது என் கருத்து. பணம் தாமதமாகும் இடத்தில் செத்த கோழி இரவோடு இரவாக வாய்க்காலுக்குப் போகும். அப்புறம் எந்த பிசிஆர் வந்து என்ன செய்ய?

பண்ணை வைத்திருக்காதவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் காகங்களோ, குளத்தில் நீர்ப்பறவைகளோ, வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழிகளோ சேர்ந்தாற்போல் செத்தால் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தகவல் சொல்லுங்கள்.