வல்லாட்டமும் நேரப் பகுப்பும்

சதுரங்கம் என மக்கள் வழங்கும் வல்லாட்டத்தை, ஆடுநர்க்கு அளிக்கப்படும் நேரத்தைக் கொண்டு நெடுநேர ஆட்டம், விரைவாட்டம், மின்னலாட்டம் என மூவகைப்படுத்துவர். ஓர் ஆட்டம் 60 நகர்த்தல் நீளும் எனக் கொண்டு, தொடக்க நேரத்தோடு நகர்த்தல்தோறும் சேரும் கூட்டுநேரத்தையும் சேர்த்துப் பார்க்க, ஒருவர்க்கு 10 மணித்துளிக்கு மிகாதது மின்னலாட்டம். அதற்கு மேல் 60-க்குள் அமைவது விரைவாட்டம். 60-ஐ எட்டுவதும் கடப்பதும் நெடுநேர ஆட்டம். 3 மணித்துளியும் நகர்த்தலுக்கு 2 நொடியும் தரும் மின்னலாட்டத்தில், ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது 5 நொடி. 90 மணித்துளியும், 40 நகர்த்தலுக்குப் பின் 30 மணித்துளியும், நகர்த்தல்தோறும் 30 நொடியும் தரும் நெடுநேர ஆட்டத்தில் அதுவே 150 நொடி, முப்பது மடங்கு.

ஆடுநரின் உள்ளத்தில் தொழிற்படும் ஆற்றல்கள் இரண்டு. கண்ட அளவிலேயே காய்களின் அமைப்பை இனங்காண்பது வடிவுணர்வு. எதிர்வரும் நகர்த்தல்களைக் கிளைகிளையாக ஆய்வது வழிகணிப்பு. 1973-இல் உளவியலாய்வாளர் வில்லியம் சேசும் எர்பர்ட்டு சைமனும் பலகையைச் சில நொடி காட்டி மறைத்தபோது, தேர்ந்தவர் உண்மை ஆட்டத்தின் காய்நிலையைப் பெரும்பாலும் மீட்டு அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக இட்டபோது அச்சிறப்பு ஏறக்குறைய மறைந்தது.

நேரம் சுருங்கும்போது வழிகணிப்பே முதலில் தளரும். ஆகவே அப்போது மாற வேண்டியது கையின் விரைவன்று, நுழையத்தகும் நிலைகளின் தேர்வு. ஒரே ஒரு நகர்த்தலால் மட்டும் காக்கத்தகும் இக்கட்டை, நெடுநேர ஆட்டத்தில் 20 மணித்துளி எண்ணிக் கடக்கலாம். மின்னலாட்டத்திலோ அத்தகைய இக்கட்டை எதிராடுநர்க்கு உண்டாக்குவதே வலிமை. அரசனைக் காப்பாக நிறுத்தி, பழகிய காலாள் அமைப்புகளையே நாடுக. இழப்பில்லாத சிறு மிரட்டல்கூட எதிராடுநரின் மணிப்பொறியில் 10 நொடியை உண்ணும். 180 நொடியில் தொடங்கியவர்க்கு அது பேரிழப்பு. நெடுநேர ஆட்டத்தில் நேரத்தை ஒரே அளவாகப் பங்கிடுவதும் தவறே. பழகிய தொடக்கத்திற்குச் சில நொடி போதும். காலாள் அமைப்பு மீளாது மாறும் இடத்தில் வாரி வழங்குக.

கூட்டுநேரம் தரும் மணிப்பொறிக்கு முன்னாள் உலக வாகையர் பாபி பிசர் 1989-இல் காப்புரிமை பெற்றார். வெல்லும் நிலையில் இருப்பவர் மணிப்பொறியிடம் மட்டும் தோற்கும் கேட்டை அது பெரிதும் குறைத்தது. அதனை ஆட்டத்திற்குச் செய்த அறமாகவே கருதுகிறேன்.

நேரம் சுருங்கினால் முடிவும் மாறலாம் என்பதற்குச் சான்று ஒன்று. 2018-இல் இலண்டனில் உலகப் பட்டத்திற்கு மோதிய மேக்னசு கார்ல்சனின் நெடுநேரத் தரப்புள்ளி 2835. பேபியானோ கருவானாவினது 2832. 12 ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இறுதி ஆட்டத்தில் நிலையிலும் நேரத்திலும் மேலோங்கியிருந்த கார்ல்சன், 31-ஆம் நகர்த்தலில் தாமே ஆட்டத்தைச் சமனாக முடித்துக்கொள்ள முன்வந்ததைப் பலர் குறைகூறினர். ஒருவர்க்கு 25 மணித்துளியும் நகர்த்தலுக்கு 10 நொடியும் கொண்ட விரைவாட்டங்கள் நான்கு அடுத்து வகுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்றையும் அவரே வென்றார். நான்காவதற்குத் தேவை எழவில்லை.