பூகம்பப் பதிவு நிலையமும் கிராமத்தின் அமைதியும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் ஜனத்திரளை நாம் அறிவோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் மக்கள் நடக்கின்றனர்; பஸ்களும் லாரிகளும் ஓய்வதில்லை. நம் காலுக்கு நிலம் அசைவதாகத் தோன்றுவதில்லை. ஆனால் மலையடிவாரத்தில் பூகம்பப் பதிவுக் கருவி ஒன்றை வைத்தால், இவ்வளவும் அதில் பதிந்துவிடும். பூகம்பத்தோடு தொடர்பில்லாத இத்தகைய தரை நடுக்கத்தையே விஞ்ஞானிகள் 'இரைச்சல்' என்கின்றனர்.

இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நேர்ந்த பூகம்பத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்கள் உணர்ந்தன. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவுள்ள அதிர்வு ஏற்பட்டது. இவற்றைக் கருவிகள் தவற விடுவதில்லை. நிலத்தடியில் பாறை எங்கே பிளவுபட்டிருக்கிறது என்று காட்டுபவை பெரும்பாலும் யாரும் உணராத சிறிய அதிர்வுகளே. சந்தைக் கூச்சலில் குழந்தையின் அழுகை அமுங்குவதுபோல், அவை இரைச்சலில் அமுங்கிவிடுகின்றன.

ஆகவே நிலையம் அமைக்கும் முன் சில வாரங்கள் கருவியை ஓடவிட்டு, மணிக்கு மணி பதிவைப் பிரித்து, ஒவ்வொரு வேக அதிர்வும் எவ்வளவு வலுவாக உள்ளது என்று கணக்கிடுகின்றனர். 1993-ல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர்சன் உலகெங்குமுள்ள 75 நிலையங்களின் பதிவுகளிலிருந்து வகுத்த மேல்வரம்பு, கீழ்வரம்புக் கோடுகளோடு அதை ஒப்பிடுகின்றனர். கீழ்க்கோட்டை நெருங்கும் இடமே அமைதியான இடம்.

இரைச்சலின் காரணத்தையும் கணக்கே காட்டிவிடும். கிணற்று மோட்டார் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்று சுற்றினால், பதிவில் வினாடிக்கு 24 என்ற இடத்தில் ஒரு முனை எழும். மின்சாரம் நின்றதும் அது மறையும். பகலில் உயர்ந்து இரவில் தணிவது மனித நடமாட்டம். 2020-ல் ஊரடங்கின்போது உலகின் பல நிலையங்களில் இந்த இரைச்சல் பாதிவரை குறைந்தது.

ஓர் இரைச்சல் மட்டும் நமக்கு உதவி. ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வங்கக் கடலின் அலைகள் சில வினாடிகளுக்கு ஒருமுறை வீதம் நிலத்தை மெல்ல ஆட்டுகின்றன. புயற்காலத்தில் இது ஓங்கும். மெதுவான அசைவையும் பதியவல்ல கருவியில் இது தென்படவில்லையென்றால், கருவியே பழுதென்று ஐயுறலாம். கடிகாரமும் பிசகக் கூடாது. ஒரு வினாடி தவறினால் பூகம்பம் பிறந்த இடத்தின் தூரம் சுமார் 6 கிலோமீட்டர் பிசகும்.

கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் 1965-ல் கருவிகளின் வரிசை ஒன்றை அமைத்தபோது கெட்டிப் பாறையும் ஊர்ச் சந்தடியின்மையும் வேண்டியிருந்தன. திருவண்ணாமலையில் பாறைக்குக் குறைவில்லை, சந்தடிக்கும் குறைவில்லை! கோயிலையும் பாதையையும் விட்டு விலகிய உட்கிராமமே இதற்கு ஏற்றது. அங்கும் பம்பை நிறுத்தும்படி விவசாயியைக் கேட்பது நியாயமன்று. நிலையம்தான் தள்ளிப் போக வேண்டும்.

கல் குவாரி வெடியைப் பூகம்பமென்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. அதிர்வுகளெல்லாம் பகலில் சில மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்தால் அவை வெடியென்று கொள்ளலாம். ஆயினும் ஊகத்தைவிட உறுதி நல்லது. வெடி வைத்த தேதியையும் நேரத்தையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்து, நிலையத்தார் கேட்கும்போது கொடுத்தால், அவர்களுடைய பட்டியலிலிருந்து பொய்ப் பூகம்பங்கள் அன்றே நீங்கிவிடும்.