பாயைச் சுருட்டும் நேரம்

## படுக்கையில் எட்டு, தூக்கத்தில் ஐந்தரை

சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரின் மணிக்கட்டில் கடிகாரம் போன்றதொரு கருவியைக் கட்டி, அவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. சராசரியாக எட்டு மணி நேரம் படுத்துக் கிடக்கிறார்கள். தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரம் புரள்வதிலும் விழிப்பதிலும் போகிறது. பிறகு ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தின் அருமையை எடுத்துச் சொல்லி, மின்விசிறி, மெத்தை, காதடைப்பான் என்று வசதிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரவுக்கு 27 நிமிடம் தூக்கம் கூடியது. அது எப்படிக் கூடியது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். படுத்திருக்கும் நேரம் கூடியதால் தூக்கமும் கொஞ்சம் கூடியது, அவ்வளவே. அந்தக் கூடுதல் தூக்கத்தால் வேலைத் திறனிலோ மனநலத்திலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வரவில்லை. நிபுணர்கள் முன்கூட்டிச் சொன்னதற்கு நேர்மாறான முடிவு இது.

சென்னையிலிருந்து தெற்கே வந்தால் திண்டிவனம், அதைத் தாண்டினால் விழுப்புரம். இரண்டும் வழிப்போக்கர்களின் ஊர்கள். எழும்பூரில் இரவு கிளம்பும் தென்மாவட்ட ரயில்கள் நள்ளிரவை ஒட்டி விழுப்புரத்தைக் கடக்கின்றன. அந்தச் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளுக்குத் தண்டவாளம் பிரிகிறது. திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் இரவுதான் பகல். மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்தாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டுவிட்டால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "சீக்கிரம் போய்ப் படு" என்பது. சென்னை ஆய்வில் இருந்தவர்கள் தூக்கமின்மை நோயாளிகள் அல்லர், சாதாரண மக்கள். ஆகவே அதை அப்படியே நோய்க்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், படுக்கை நேரத்தை நீட்டினால் நல்ல தூக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிடுகிறது. தூக்கமின்மைக்கென்றே நடந்த ஐம்பதாண்டு ஆராய்ச்சியும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது: சரிசெய்ய வேண்டியது படுக்கும் நேரத்தையல்ல, எழும் நேரத்தை.

## பசிக்கு உள்ள கணக்கு

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று பழமொழி சொல்கிறது. தூக்கத்தைப் பசியோடு சேர்த்து வைத்த அந்த யோசனை அறிவியலாகவும் சரி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கப்பசி ஏறுகிறது, தூங்கும்போது தீர்கிறது. இதற்கு இணையாக, மூளைக்குள் இருக்கும் கடிகாரம் எந்த நேரம் விழிப்புக்கு, எந்த நேரம் உறக்கத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் இந்த இரண்டையும் சேர்த்து விளக்கினார். பசியும் கடிகாரமும் ஒரே நேரத்தில் கூடி வந்தால் படுத்தவுடன் கண் அயர்ந்துவிடும். ஒன்று முன்னே போய் மற்றது பின்தங்கினால் புரள வேண்டியதுதான்.

முந்தைய இரவு சரியாகத் தூங்காதவர் மறுநாள் செய்வதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காலையில் எட்டரை வரை படுத்துக்கொள்கிறார். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் சாய்கிறார். "நேற்றுத்தான் தூக்கமே இல்லையே" என்று இரவு எட்டரைக்கே விளக்கை அணைக்கிறார். மாலை நாலு மணிக்குப் பலகாரத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏழு மணிக்கு இலை போட்டு உட்கார்ந்த கதைதான். பசி இருக்காது. தூக்கத்துக்கு ஈடு கட்டுவதாக நினைத்துச் செய்யும் மூன்று காரியங்களும் அன்றைய இரவையும் கெடுக்கின்றன. எந்தக் கவலையால் முதல் இரவு கெட்டதோ அந்தக் கவலை போன பிறகும் தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடிப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதே சென்னை ஆய்வில், வேலையிடத்தில் மதியம் சிறிது நேரம் தூங்க விட்டவர்களுக்கு வேலைத் திறனும் மனநலமும் கூடியதே என்று கேட்கலாம். உண்மைதான். இரவில் குறைவாகத் தூங்கியும் படுத்தால் தூங்கிவிடக்கூடியவருக்கு மதியத்தின் அரை மணி நேரம் நல்ல மருந்து. படுத்தும் தூக்கம் வராதவருக்கு அது இரவுக்காகச் சேர்த்த முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. இருவரும் "தூக்கம் பத்தலை" என்று ஒரே வார்த்தையில் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

## விடியலின் வேலை

உடலுக்குள் இருக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவது. தினமும் யாராவது அதைத் திருகி வைக்க வேண்டும். திருகுவது காலை வெளிச்சம். இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்கு இயற்கை தாராளமாகவே கொடுத்திருக்கிறது. விழுப்புரத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் உதித்துவிடுகிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும் ஊர்களில் விளக்குப் பெட்டி வாங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்கிறார்கள். இங்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டாலே போதும். மாட்டைப் பிடித்துக் கட்டினாலும் போதும். டியூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ். காலை ஏழு மணி வெட்டவெளியில், மேகமூட்டமாக இருந்தாலும், ஆயிரக்கணக்கில். நம் கண்ணுக்கு இரண்டும் வெளிச்சம்தான். உடல் கடிகாரத்துக்கு முன்னது அந்தி, பின்னதுதான் பகல்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெரோம் சீகல் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய, மின்சாரம் புழங்காத மூன்று சமூகங்களின் தூக்கத்தை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அந்தி சாய்ந்ததும் படுத்துவிடுவார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இந்த மூன்று கூட்டத்தினரும் சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்தே தூங்கப் போகிறார்கள். தூங்குவதும் ஆறு, ஆறரை மணி நேரம்தான். ஆனால் பெரும்பாலும் விடியுமுன், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். அவர்களிடம் தூக்கமின்மை மிக அரிது. சான், சிமானே மொழிகளில் அதற்கென ஒரு சொல்கூட இல்லை.

எழும் நேரத்தைப் பிடிப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான். கடினமான இடம் இதுவே. இரவு முழுக்க விழிக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு மேல்மலையனூர் நல்ல உதாரணம். அமாவாசைதோறும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் நள்ளிரவில் கூடுகிறது. ஊர் திரும்பியவர் மறுநாள் பகல் முழுதும் படுத்துவிட்டால் கடிகாரம் நழுவிவிடும்; அது மறுபடி சரியாவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாகத் தூங்கி எழுந்து, கண்ணெரிச்சலோடு பகலை ஓட்டிவிட்டால் அடுத்த இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடலாம். ஓர் இரவு விழிப்பதால் யாருக்கும் தூக்கமின்மை வருவதில்லை. மறுநாளை எப்படிக் கழிக்கிறோம் என்பதிலிருந்து அது வருகிறது.

## பாயும் கட்டிலும்

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் ஓர் எளிய விதியை முன்வைத்தார். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போ. பத்து இருபது நிமிடம் போலக் கண் மூடவில்லையென்றால் எழுந்து வேறிடம் போ. மறுபடி தூக்கம் சொக்கினால் திரும்பி வா. படுக்கை என்றால் தூக்கம் என்று மூளை பழக வேண்டும் என்பது காரணம். இதைப் படிக்கும்போது நம் பாய் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. விரித்தால் தூங்க, விடிந்தால் சுருட்டி மூலையில் நிறுத்த. பகலில் வீட்டில் படுக்கை என்ற ஒன்றே இருக்காது. இன்று கட்டில் நாள் முழுக்க விரித்தபடி கிடக்கிறது. அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், சீரியல் பார்க்கிறோம், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறோம், வட்டிக் கணக்குப் பார்க்கிறோம். பிறகு அதே இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் தூக்கத்தைக் கூப்பிட்டால் வட்டிக் கணக்குதான் முதலில் வரும். கட்டிலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பாயை நடத்துவதுபோலக் கட்டிலை நடத்தலாம்.

ஒரே அறையுள்ள வீட்டில் எழுந்து எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. திண்ணை இருந்தால் திண்ணை, இல்லாவிட்டால் வாசற்படி, அதுவும் முடியாதென்றால் படுத்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வது. படுத்தபடி தூக்கத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்பதுதான் சாரம்.

இன்னொரு கருவி, ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் கொண்டுவந்தது, கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். தூக்கம் வராதவரைக் குறைவாகப் படுக்கச் சொல்வது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு வாரம் குறித்து வந்தால் சராசரித் தூக்கம் தெரிந்துவிடும். அது ஐந்தரை மணி நேரமென்றால், படுக்கையில் ஆறு மணி நேரம் மட்டும். காலை ஐந்தரைக்கு எழுபவர் இரவு பதினொன்றரைக்குப் படுக்க வேண்டும். படுத்த நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தூக்கமாக மாறிய பிறகு படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம். முதல் வாரம் முன்னைவிட மோசமாக இருக்கும். பலர் அங்கேயே விட்டுவிட நினைப்பார்கள். எவ்வளவு குறைத்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. வலிப்பு உள்ளவர்களும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும் மருத்துவரின் துணையின்றி இதைத் தொடவே கூடாது. வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் அப்படித்தான்: விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஸ்டியரிங்கில் கண் சொக்கினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு கருவிகளையும் மனப்பழக்கச் சிகிச்சையோடு சேர்த்துத் தருவதைத்தான், மாத்திரைக்கு முன்னால், முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

எட்டு மணிக்கே படுத்து மூன்று மணிக்கு விழித்துவிடும் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் ஏழு மணி நேரம் தூங்கி முடித்துவிட்டார்கள். அது நோயல்ல. பத்து மணி வரை பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தால் போதும்.

## வெக்கையில் எப்படித் தூங்குவது?

அக்னி நட்சத்திர இரவில் இதையெல்லாம் சொன்னால் கோபம் வரும். இரவு வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் சராசரியாக 14 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத் தூக்கம் குறைகிறதென்று 2022இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு காட்டியது. ஏழை நாடுகளில் வெப்பத்தின் பாதிப்பு இன்னும் கூடுதல். தூக்கம் வர உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதை இறங்க விடுவதில்லை. சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் கொசுவலையோடு மொட்டைமாடியில் படுப்பதும் வெறும் பழக்கமல்ல, இயற்பியல். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலின் ரத்த நாளங்கள் விரிந்து உள்சூடு வெளியேறுகிறது. தூக்கம் பத்து நிமிடம் போல முந்தி வருகிறது. மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீருக்கு அடுப்பே தேவையில்லை. ஆனால் பதினான்கு நிமிட இழப்பையும் மூன்று மணி நேரப் புரளலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வெக்கை தூக்கத்தைக் கிள்ளுகிறது; பறித்துக்கொண்டு போவது பெரும்பாலும் வேறொன்று.

## டீ, செல்போன், ஜாதிக்காய்

காபி, டீயிலுள்ள கஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. உடலிலிருந்து பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் குடித்த ஸ்ட்ராங் டீயின் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் வராதவர்களுக்கு மதியம் இரண்டு மணியோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. குடி வேறு ரகம். சீக்கிரம் தூங்க வைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

செல்போன் மேல் சுமத்தப்படும் பழி கொஞ்சம் மிகை. நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்னூல் படிக்க வைத்த 2015 ஆய்விலேயே தூக்கம் தள்ளிப்போனது பத்து நிமிடம்தான். அதன் கெடுதி வெளிச்சத்தைவிட, "இன்னும் ஒரு வீடியோ" என்று படுக்கும் நேரத்தை விழுங்குவதிலும், மனதைக் கிளறிவிடும் செய்திகளிலும் இருக்கிறது. சூடான பால் குடித்தால் நல்லதே. ஆனால் அதிலுள்ள டிரிப்டோபான் தூக்கத்தை வரவழைக்கும் அளவு அல்ல. ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. அமுக்கரா சூரணம் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். காலை எட்டரை வரை தூங்குவதால் வரும் கெடுதியை இவற்றில் எதுவும் ஈடு செய்யாது.

## இரவில் உழைப்பவர்கள்

பஸ் ஓட்டுநர், ரயில்வே ஊழியர், செவிலியர், டோல்கேட் பணியாளர் ஆகியோருக்கு எழும் நேரத்தைப் பிடிக்கச் சொல்வது பாதி கேலி. அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பது பழக்கமல்ல, பணிப்பட்டியல். வாரத்துக்கு வாரம் பணி நேரத்தைப் பின்னோக்கி மாற்றுவதைவிட, காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுவது உடல் கடிகாரத்துக்கு ஏற்றது. அதை மாற்ற வேண்டியவர் பட்டியல் போடும் அதிகாரி. ஊழியர் தன்னளவில் செய்யக்கூடியது குறைவு: வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, வந்தவுடன் இருட்டறை, எந்தப் பணி வாரமாயினும் பொதுவாக அமையும் மூன்று நான்கு மணி நேரத் தூக்கத்தை ஒரே இடத்தில் நிலைநிறுத்துவது, பணிக்குக் கிளம்புமுன் ஒரு குட்டித் தூக்கம்.

## மருத்துவரிடம் போக வேண்டியவை

வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டுவந்தால் அதற்கு நாள்பட்ட தூக்கமின்மை என்று பெயர். அதற்குள் பழக்கத்தால் தீராதவை ஒளிந்திருக்கலாம். குறட்டை நடுவே மூச்சுத் திணறி எழுபவருக்குத் தூக்க மூச்சடைப்பு இருக்கலாம். படுத்ததும் காலில் இனம்புரியாத குடைச்சல் வந்து ஆட்டிக்கொண்டேயிருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். விடிகாலையில் விழித்து மனம் பாரமாகவே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவற்றை அங்கே காட்டலாம்.

அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கக் கூடாது. அவை எச்1 அட்டவணையில் உள்ளவை. சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது. ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிடக் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கும் அந்த வாரங்களில் இரவுகள் ஏறுமாறாகத்தான் இருக்கும். காலை ஐந்தரை மணி மட்டும் அப்படியே இருக்கட்டும்.