நாமும் நாங்களும்: பஸ்கா இரவின் வினாவிடையில் தலைமுறைத் தொடர்ச்சி

விவிலிய மரபில் யூதர்களுக்கு விதிக்கப்பெற்ற திருவிழாக்களுள் பஸ்கா, வாரங்களின் விழா, கூடார விழா ஆகிய மூன்றும் திருத்தலப் பயண விழாக்கள் (இணைச் சட்டம் 16:16). எபிரேயத்தில் இவை முறையே பெசாக், ஷாவுவோத், சுக்கோத் எனப்படும். இவற்றை வேளாண் சுழற்சியோடும் வழிபாட்டு வரலாற்றோடும் பொருத்திக் காண்பது வழக்கம். ஆனால், இவ்விழாக்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்றடையும் முறை பெரிதும் மொழி சார்ந்தது. யார் யாரிடம் பேசுகிறார், ‘நாம்’ என்று ஒருவர் சொல்லும்போது அச்சொல்லுக்குள் யார் அடங்குகிறார் என்பதில்தான் அத்தொடர்ச்சி நிலைபெறுகிறது. சில வேளைகளில் முறிகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப் பாகுபாட்டைக் கொண்டு பஸ்கா இரவின் வினாவிடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

விவிலியத்தின் நான்கு இடங்கள்

பிள்ளைக்கு விடை கூறுதல் பற்றி ஐந்நூல் நான்கு இடங்களில் பேசுகிறது: விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12:26-27, 13:8, 13:14, இணைச் சட்டம் (உபாகமம்) 6:20-25. இவற்றுள் மூன்றில் பிள்ளை கேட்கிறது. 13:8இல் கேள்வி இல்லாமலேயே தந்தை சொல்லத் தொடங்க வேண்டும். 12:26இல் ‘பிள்ளைகள்’ எனப் பன்மையில் நிற்பது பிற இடங்களில் ஒருமையாகிறது. ‘சொல்வாயாக’ என 13:8இல் வரும் ‘வெஹிக்கத்தா’ என்னும் வினையின் வேரிலிருந்தே பஸ்கா இரவில் ஓதப்பெறும் ‘ஹகாதா’ என்னும் நூற்பெயர் பிறந்தது. ஆகவே அந்நூலின் பெயரே ‘எடுத்துரைத்தல்’ என்று பொருள்படும்.

இவ்விடங்களில் கருதத்தக்கது தந்தை கையாளும் தன்மை இடமாகும். எகிப்தைவிட்டு வெளியேறியபோது கடவுள் ‘எனக்கு’ச் செய்ததன் பொருட்டே இவ்விழா எனத் தந்தை கூற வேண்டும் என்கிறது 13:8. எகிப்தைக் கண்டிராத தலைமுறைகளும் இதே ஒருமையில்தான் பேச வேண்டும். இணைச் சட்டம் 6:21இல் அது பன்மையாகிறது: அடிமைகளாய் இருந்தவர்கள் முன்னோர் மட்டும் அல்லர், பேசுவோரும் அவர்களுள் அடங்குவர்.

அப்பன்மையைத் தமிழில் பெயர்ப்பவர் ஒரு தேர்வுக்கு உள்ளாகிறார். எபிரேயத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. கேட்போர் அதில் உள்ளடங்குவரா இல்லையா என்பதை அது காட்டுவதில்லை. தமிழிலோ ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு உண்டு. பழந்தமிழ் இவ்வேறுபாட்டை வினைமுற்றின் விகுதியிலும் காட்டிற்று. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்பது நன்னூலின் கொள்கை. இன்றைய வழக்கில் ஓம் ஈறே இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால் வேறுபாட்டைப் பெயரே சுமக்கிறது. ‘நாங்கள் அடிமைகளாய் இருந்தோம்’ என்று தந்தை சொன்னால் எதிரே அமர்ந்து கேட்கும் பிள்ளை புறத்தே நிற்கிறது. ‘நாம்’ என்றால் பிள்ளையும் எகிப்தில் இருந்ததாகிறது. உரையாடலின் இயல்பை நோக்கின் முன்னதே பொருத்தம்: தந்தை அறிந்ததைப் பிள்ளை அறியவில்லை, அதனாலேயே கேட்கிறது. ஆயினும், ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து வெளிவந்ததாகத் தம்மைக் கருத வேண்டும் என்னும் மிஷ்னாவின் விதியை (பெசாகிம் 10:5) நோக்கின், விழாவின் கருத்து ‘நாம்’ என்பதையே வேண்டுகிறது. ‘நாங்கள்’ எனத் தொடங்கும் உரை இரவு முடிவதற்குள் ‘நாம்’ ஆக வேண்டும் என்பதே பஸ்கா இரவின் பணி எனலாம்.

ஆலயத்திலிருந்து இல்லத்துக்கு

பஸ்கா தொடக்கம் முதலே குடும்ப விழா. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. சிறிய குடும்பமாயின் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ளல் என்பது விடுதலைப் பயணம் 12இன் விதி. பின்னர்ப் பலி எருசலேமில் மையங்கொண்டது. கி.பி. 70இல் உரோமையர் ஆலயத்தை அழித்தபின் பலி நின்றது. விழா உணவு மேசைக்குத் திரும்பியது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் பெசாகிம் பகுதி, பத்தாம் அதிகாரத்தில் அந்த இரவின் ஒழுங்கை வகுக்கிறது. ‘செதர்’ என்னும் பெயருக்கும் ஒழுங்கு என்பதே பொருள். இரண்டாம் கிண்ணம் ஊற்றப்பெற்றதும் மகன் தந்தையைக் கேட்கிறான். மகனுக்கு அறிவு போதாதாயின் கேட்பதற்குத் தந்தையே கற்பிக்கிறார்.

கேள்வியை எழுப்புவதற்காகவே பல நடைமுறைகள் அமைந்தன. பஸ்கா முன்னிரவில் பிள்ளைகள் உறங்கிவிடாமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக ரபி அகிபா அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிடுவார் எனப் பாபிலோனியத் தால்முத் கூறுகிறது (பெசாகிம் 109அ). கற்பித்தலைவிட விழித்திருத்தல் முதன்மை பெறும் இக்குறிப்பு, சட்ட விவாதங்கள் நிறைந்த அந்நூலில் வீட்டு வாழ்வின் மணம் கமழும் ஓரிடமாகும்.

கேள்விகளும் மாறாதிருக்கவில்லை. மிஷ்னாவின் பழைய சுவடிகளில் கேள்விகள் மூன்று; அவற்றுள் ஒன்று, இவ்விரவில் மட்டும் இறைச்சியைச் சுட்டே உண்பது ஏன் என்பது. பலி ஒழிந்தபின் அது பொருளிழந்தது. இன்று வழங்கும் நான்கனுள் அது இல்லை. சாய்ந்தமர்ந்து உண்பது பற்றிய கேள்வி இடம்பெற்றுள்ளது. தொன்மையானது எனப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடும் வரிகளிலேயே ஆலயத்தின் அழிவு பதிந்துள்ளது.

நான்கு பிள்ளைகள்

மேற்காட்டிய நான்கு விவிலிய இடங்களையும் ஹகாதா நான்கு வகைப் பிள்ளைகளுக்கு உரியவாக்குகிறது: அறிவுடைய பிள்ளை, தீய பிள்ளை, எளிய பிள்ளை, கேட்கத் தெரியாத பிள்ளை. தீய பிள்ளைக்கு 12:26இன் கேள்வி தரப்பட்டுள்ளது. இவ்வழிபாடு ‘உங்களுக்கு’ என்ன என்று கேட்டதால் அப்பிள்ளை தன்னைக் குழுவிலிருந்து விலக்கிக்கொண்டதாம். விவிலிய மூலத்தில் இக்கேள்வி குற்றமாகக் கருதப்படவில்லை. அதற்குரிய விடை 12:27இலேயே இயல்பாக அமைந்துள்ளது. அதைக் கேட்ட மக்கள் தலைவணங்கித் தொழுகின்றனர். ஹகாதாவோ அவ்விடையை நீக்கி, 13:8இன் ‘எனக்கு’ என்பதை எடுத்து, ‘எனக்கே, அவனுக்கு அன்று’ எனப் பொருள்கொள்கிறது. முன்னிலையில் பேசிய பிள்ளை படர்க்கைக்குத் தள்ளப்படுகிறது. எதிரில் இருப்பவனை ‘அவன்’ என்பது தமிழ் வழக்கிலும் கடுஞ்சினத்தின் அடையாளம். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு உரிய விடையும் இதே 13:8 ஆகலின், தந்தை அப்பிள்ளையை நோக்கியே மற்றவனைப் பற்றிப் பேசுகிறார் எனக் கொள்ளவும் இடமுண்டு.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. அறிவுடைய பிள்ளையின் கேள்வியும் (இணைச் சட்டம் 6:20), எபிரேய மரபுப் பாடத்தின்படி, ‘உங்களுக்கு’க் கட்டளையிட்டவை என்றே முடிகிறது. அவ்வாறாயின் இருவருக்கும் வேறுபாடு யாது? பிள்ளை ‘நம் கடவுள்’ என்று முதலில் சொல்லித் தன்னை இணைத்துக்கொள்கிறது என்பர் ஒரு சாரார். பாட வேறுபாடுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. கிரேக்கப் பெயர்ப்பாகிய எழுபதின்மர் பாடத்திலும், மெகில்தாவிலும் எருசலேம் தால்முத்திலும் இவ்வசனம் காட்டப்பெறும் வடிவத்திலும் அவ்விடத்தில் தன்மைப் பன்மையே காணப்படுகிறது. நான்கு பிள்ளைகள் பகுதியை யாத்தோர் முன் இருந்த பாடம் அதுவே எனக் கொள்வது பொருந்தும். பின்னர் மரபுப் பாடத்துக்கு இசைய அது திருத்தப்பெற, வேறுபாட்டின் அடிப்படையே மறைந்தது. ஒரு சொல்லளவான மாற்றம் ஒரு பிள்ளையின் இடத்தை ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டது.

‘எங்கள் முன்னோர்’ என்று சொல்லும் உரிமை

ஹகாதாவின் நடுப்பகுதி இணைச் சட்டம் 26:5-8இன் விரிவுரையாகும். இது முதற்கனி கொணரும் உழவர் ஆலயத்தில் கூறிய அறிக்கை. வாரங்களின் விழாவோடு தொடர்புடையது. ‘என் தந்தை’ எனப் படர்க்கையில் தொடங்கி, ‘எங்களை’ எனப் பன்மைக்கு மாறி, இதோ கொணர்ந்தேன் எனத் தன்மை ஒருமையில் 26:10இல் நிறைவுறுகிறது. தலைமுறை வரலாறு முழுவதும் மூன்று இடமாற்றங்களில் அடங்கிவிடுகிறது.

இவ்வறிக்கையைச் சொல்ல இயலாதோர் இருந்தனர். தொடக்கத்தில் தெரிந்தவர் தாமே ஓதினர், தெரியாதவர்க்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. நாணத்தால் அவர்கள் கனி கொணர்வதையே தவிர்த்தபோது, தெரிந்தவர்க்கும் சொல்லிக்கொடுப்பது என விதி மாற்றப்பட்டது (மிஷ்னா, பிக்குரிம் 3:7). மற்றொரு சாரார் யூத சமயத்தைத் தழுவியோர். அவர்கள் கனி கொணரலாம். ஆனால் எங்கள் முன்னோர்க்கு வாக்களித்த நிலம் என்று சொல்ல இயலாமையால் அறிக்கை கூறலாகாது என்கிறது அந்நூலின் 1:4. எருசலேம் தால்முத் ஆபிரகாம் பல இனங்களுக்குத் தந்தை என்பதைச் சுட்டி இதற்கு மாறான தீர்ப்பைப் பதிவுசெய்கிறது. மைமோனிதிஸ் (1138–1204), ஒபதியா என்னும் சமயந்தழுவியவருக்கு எழுதிய மடலில், ‘எங்கள் முன்னோரின் கடவுள்’ என அவரும் தயங்காது கூறலாம் என்றார். எகிப்திலிருந்து ‘எங்களை’ வெளியேற்றியவர் என்னும் இடத்தில் மட்டும், விரும்பினால் ‘இசுரயேலை’ என மாற்றிக்கொள்ளலாம், மாற்றாவிடினும் இழப்பில்லை என்றார். குருதி உறவற்றவர்க்கும் முன்னோரைத் தரும் இத்தீர்ப்பு ஓர் இடப்பெயரைப் பற்றியதே.

கேட்போரும் மொழிகளும்

ஐந்நூலின் வாசகம் ‘மகன்’ என்றே பேசுகிறது. தால்முத்தின் நடைமுறை அதைவிட விரிந்தது: மகன் கேட்க இயலாதவனாயின் மனைவி கேட்பாள், அவளும் இல்லையெனில் அவன் தன்னையே கேட்டுக்கொள்வான், சட்டம் அறிந்த அறிஞர் இருவராயினும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் (பெசாகிம் 116அ).

இந்திய யூதரிடையே பெண்களின் பங்கு இதனினும் விரிந்தது. கொச்சி யூதப் பெண்கள் விவிலியக் கதைப்பாடல்களையும் மணப்பாடல்களையும் மலையாளத்தில் குறிப்பேடுகளில் எழுதிவைத்துப் பாடிவந்தனர். பெரும்பாலோர் 1950களில் இசுரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அக்குறிப்பேடுகளும் உடன் சென்றன. அப்பாடல்களின் தொகுப்பு ஒன்று 2005இல் எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. அதன் பெயர் ‘கார்குழலி’, தமிழர்க்குப் பொருள் விளக்கம் வேண்டாத சொல். கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இசுரயேலருக்காக மராத்தி மொழிபெயர்ப்புடன் கூடிய ஹகாதா 1846இல் பம்பாயில் அச்சேறியது. மராத்தியிலும் கேட்போரை உள்ளடக்கும் ‘ஆபண்’, விலக்கும் ‘ஆம்ஹீ’ என இரண்டு உண்டு. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. எபிரேயம் பொதுவாக விட்டதை இம்மொழிகளில் பெயர்த்துரைப்போர், மேசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது.