அத்தை வீட்டுப் பினாங்கு

வெளிநாட்டில் உறவினர் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. ஹோட்டல் செலவு மிச்சமாவது சௌகரியம். நாம் ஊரைப் பார்க்கப் போகிறோமா, உறவைப் பார்க்கப் போகிறோமா என்பது கடைசி வரையில் நமக்கே தெரியாமல் இருப்பது சங்கடம். பினாங்குக்குப் புறப்பட்டபோது என் நிலைமை அப்படித்தான் இருந்தது.

பினாங்கில் இருப்பது என் அத்தை, அப்பாவின் ஒரே அக்காள். 1966-ஆம் ஆண்டு, பத்தொன்பதாவது வயதில், கழுத்தில் ஏறிய மஞ்சள் கயிறு ஈரம் காயுமுன்னே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள். அந்தக் காலத்து நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அக்காளைச் சுமந்து சென்ற படகு சிறுத்து மறையும் வரையில் கரையில் நின்று அழுத பன்னிரண்டு வயதுப் பையன்தான் என் தகப்பனார்.

மாமா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை கோலாலம்பூரில், பெண் சிங்கப்பூரில். அத்தை மட்டும் தனியாக இருக்கிறாள். நான் புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, “நல்லா ஊரைச் சுத்திப் பாரு. அப்படியே அத்தைகிட்டே மெதுவாச் சொல்லு. வயசான காலத்திலே தனியா எதுக்கு அந்நிய தேசத்திலே? இங்கே மாடி அறை காலியாத்தானே கிடக்கு? முடிஞ்சா கையோட கூட்டிக்கிட்டு வந்துடு” என்றார்.

இந்தத் தூதைச் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

பெட்டி நிறைய அப்பளம்!

உறவினர் வீட்டுக்கு வெளிநாடு போகும் சகோதரிகள் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். அப்பளம், வடகம், மோர்மிளகாய், சாம்பார்ப் பொடி என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் அத்தை என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். ஜார்ஜ் டவுனில் ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர் பெற்ற பகுதி அது. ஒரு கடை வாசலில் நான் சுமந்து வந்த அத்தனையும் அடுக்கியிருந்தது. பக்கத்திலேயே மல்லிகைச் சரம், வெற்றிலை, ஜவுளி, பாட்டு எல்லாம் இருந்தன.

“நீ வெட்கப்படாதே, எல்லாரும் இப்படித்தான் கொண்டாராங்க” என்று அத்தை சிரித்தாள். அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நீலாயதாட்சி அம்மன் கோயில் குங்குமம். நல்ல வேளையாக அதை மறக்கவில்லை.

அன்று சந்தையில்தான் எனக்கு முதல் ஆச்சரியம். மீன் விற்ற சீனரிடம் அத்தை அவர்களுடைய ஹொக்கியன் பாஷையில் பேரம் பேசினாள். கீரைக்காரியிடம் மலாய். பூக்காரரிடம் தமிழ். அந்த நாளில் நாகப்பட்டினத்தில் அடுத்த தெருவுக்குத் தனியாகப் போகப் பயப்படுவாள் என்று அப்பா வர்ணித்த அக்காள் இவள்தானா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரே தெருவில் எல்லாத் தெய்வமும்

பினாங்கு ஒரு தீவு. அதன் தலைநகரமான ஜார்ஜ் டவுனை 1786-ல் பிரான்ஸிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் நிறுவினார். இந்தப் பழைய நகரத்தையும் மலாக்காவையும் சேர்த்து 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்படி என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? ஒரு தெருவைச் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

பிட் தெரு என்று பழைய பெயர். இப்போது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் மாதா கோயில். சில அடி நடந்தால் சீனர்கள் கத்தை கத்தையாக ஊதுவத்தி ஏற்றும் குவான் யின் ஆலயம். இன்னும் கொஞ்சம் நடந்து பக்கத்துக் குயீன் தெருவுக்குள் திரும்பினால் 1833-ஆம் ஆண்டிலிருந்து விளங்கும் மகாமாரியம்மன் கோயில் கோபுரம். திரும்பி வந்து மேலே நடந்தால் அந்தப் பள்ளிவாசல். 1801-ல் அதை நிறுவியவர் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன். ‘கப்பித்தான்’ என்றால் தலைவர் என்று அர்த்தம்.

அத்தை மாரியம்மன் கோயிலில் நான் கொண்டு வந்த நாகப்பட்டினத்துக் குங்குமத்தை அர்ச்சகரிடம் கொடுத்து அம்மன் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டாள். “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதானே? பார்த்துக்கட்டும்” என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நாசி கண்டார்’ என்று இங்கே எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று வாங்கும் சாப்பாடு ஒன்று உண்டு. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று காவடி கட்டித் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதிலிருந்து வந்த பெயர். இன்று காவடி இல்லை. பெயரும் குழம்பு வாசனையும் இருக்கின்றன.

மலை ஏறும் ரயில்

பினாங்கு மலைக்குக் கம்பி இழுத்து ஏற்றும் ரயில் 1923-ல் ஓடத் தொடங்கியது. 2011-ல் புதிய வண்டிகள் வந்த பிறகு சில நிமிஷங்களில் உச்சிக்குப் போய்விடலாம். “முன்னே பாதி மலையிலே இறங்கி வேறே வண்டிக்கு மாறணும். உன் மாமாவும் நானும் முதல் தடவை வந்தப்போ, எனக்கு இறங்கவும் பயம், ஏறவும் பயம்” என்றாள் அத்தை. மேலே நல்ல குளிர்ச்சி. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கீழே தீவும் கடலும், அக்கரைக்குப் போகும் பாலமும் படம் எழுதி வைத்தாற்போல் தெரிகின்றன.

மலையடிவாரத்துக்கு அருகே, ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி என்ற பெரிய பௌத்த ஆலயம். அதன் ஏழு நிலைக் கோபுரம் 1930-ல் முடிந்தது. அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. மூன்று தேசமும் ஒன்றன் மேல் ஒன்று சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் கூட்டுக் குடும்பங்களுக்குப் பாடம் படிக்கலாம் போலிருக்கிறது! அருகில் முப்பது மீட்டருக்கு மேல் உயரமான குவான் யின் தேவியின் வெண்கலச் சிலை. ஆமைக் குளத்தில் கீரை வாங்கிப் போடக் குழந்தைகள் விட்டு நகர மறுக்கின்றன.

கடாரம் இதுதான்

மறுநாள் கடல் தாண்டிக் கெடா மாநிலத்துக்குப் போனோம். காரோட்டி வந்தது அடுத்த வீட்டுச் சீன அம்மாளின் மகன். அந்த அம்மாளைப் பற்றி இரண்டு வார்த்தை. அத்தை வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. மாமா காலமானபோது மூன்று நாள் சைவமாகச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். தினமும் காலையில் அத்தை வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்காவிட்டால் வந்து தட்டுவாளாம்.

பினாங்குப் பாலம் 1985-ல் திறந்தது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் படகுதான். பாலத்தைத் தாண்டி வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. இராஜேந்திர சோழனைக் ‘கடாரம் கொண்டான்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கடாரம் இந்தப் பிரதேசம்தான். சோழர் கடற்படை வந்தது 1025-ஆம் ஆண்டு வாக்கில். அதற்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே வணிகக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. புக்கிட் பத்து பகாட் என்ற இடத்தில், ஓடை ஒன்றின் கரையில், கருங்கல்லால் ஆன பழைய கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கூரையில்லை, விக்கிரகமில்லை. தூண்கள் நின்ற கற்களும் படிகளும்தான். பக்கத்திலே பொருட்காட்சிச் சாலை.

இதற்கெல்லாம் காவலாக நிற்பது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிகளுக்குக் கரை வந்ததைச் சொல்லும் அடையாளம் அது. அத்தை கோயில் படியில் உட்கார்ந்து அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கப்பல் மேல்தளத்திலே நின்னு உன் மாமா இந்த மலையைக் காட்டி, ‘வந்துட்டோம்’னார். எனக்கு அழுகையா வந்துச்சு. ஐயோ, வந்துட்டோமேன்னு. இப்போ எங்கே போய்த் திரும்பினாலும் இது கண்ணிலே பட்டா, அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டோம்னு இருக்கு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் தூது தொண்டையில் நின்றது.

ஜாதிக்காய் ஊறுகாய்

சமையல் விஷயம் இல்லாமல் நம் சகோதரிகள் என்னை விடமாட்டீர்கள். ஜாதிக்காய் என்றால் நமக்குக் கொட்டையும், அதன்மேல் சிவப்பாகச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியும்தான் தெரியும். கொட்டையைச் சுற்றியுள்ள சதையை நாம் பார்ப்பதே அரிது. பினாங்கில் அதை வீணாக்குவதில்லை. மெல்லியதாகச் சீவிச் சர்க்கரையிலோ உப்பிலோ ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். பிழிந்து குளிர்ந்த பானமாகவும் குடிக்கிறார்கள். அத்தை வீட்டுச் சமையலும் இப்படி மண்ணோடு கலந்துவிட்டது. சோறு கொதிக்கும்போது ரம்பை இலை ஒன்றை முடிச்சுப் போட்டுப் பானையில் போடுகிறாள். ரசம் மட்டும் பாட்டி வைத்த அதே நாகப்பட்டினத்து ரசம்.

கடைசி இரவு

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, பெட்டி கட்டும்போது, துணிந்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை.

“இதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்னு முதல் நாளே தெரியும்மா. தம்பிக்கு என்மேலே எவ்வளவு பிரியம்னும் தெரியும். ராத்திரியிலே தனியா இருக்கிறது கஷ்டமில்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது உன் மாமா இல்லாத கஷ்டம். நாகப்பட்டினத்துக்கு வந்தா அதுவும் கூடவே வரும். இங்கேயாவது அவரோட நடந்த தெரு இருக்கு; காலையிலே வந்து கதவைத் தட்ட ஆள் இருக்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் புடவையை மடித்தாள். பிறகு சொன்னாள்:

“நான் மூணு தடவை அங்கே வந்துட்டுப் போனேன். உன் மாமா எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவன் ஒரு தடவைகூட இங்கே வரலே. அவன் நினைப்பிலே நான் இன்னும் அந்தப் படகிலேயேதான் உட்கார்ந்திருக்கேன். நான் கரை ஏறினதை அவன் பார்க்கவே இல்லை. ஒரு தரம் வந்து பார்க்கச் சொல்லு. அப்புறமும் கூப்பிட்டா யோசிக்கிறேன்.”

வெளிநாட்டில் உறவினர் உள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். போகும்போது பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவோடு மட்டும் போகாதீர்கள். அவர்கள் காய்கறி வாங்கும் கடைக்கும், கும்பிடும் கோயிலுக்கும், சாவி கொடுத்து வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்கும் உங்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள். மலையையும் கோபுரத்தையும் எந்த வழிகாட்டியும் காட்டுவார். மற்றவற்றை அவர்களால்தான் காட்ட முடியும்.

ஊர் திரும்பியதும் அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அத்தை கொடுத்தனுப்பிய புட்டியைத் திறந்து ஜாதிக்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

“ஏம்மா, பாஸ்போர்ட் எடுக்கணும்னா என்னென்ன காகிதம் கேப்பாங்க?” என்றார்.