அடிபட்ட பிள்ளைக்குச் சட்டம் தரும் ஒரு மாதம்

அண்மையில் ஒரு வேலையாக அச்சுவேலிக்குப் போயிருந்தேன். பழக்கமான குடும்பத்து அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என்ரை மகனுக்குக் காது கேளாது. சொன்னது விளங்கேல்லை எண்டு ரீச்சர் அடிச்சுப்போட்டா. அதிபர் விசாரிக்கிறன் எண்டவர். பொறுத்துப் பார்ப்பமோ?"

பொறுக்க வேண்டாம் என்றேன். அரச பாடசாலையில் ஆசிரியர் அடிப்பது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் கொடூரமான, இழிவான நடத்தையாக அமையலாம். ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதம்தான் அவகாசம். அதிபரின் விசாரணைக்காக அந்த நாட்கள் காத்திருக்காது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. தந்தை 2017இல் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2021 பெப்ரவரியில் நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டது. ஆசிரியர் 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் நட்டஈடு செலுத்த வேண்டியதாயிற்று. "கண்டிக்கத்தானே அடித்தார்" என்பவர்களுக்கு நான் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்வது. கல்வி அமைச்சும் உடல் தண்டனை கூடாதென்று 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

குற்றவியல் வழி வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு, தன் பொறுப்பிலுள்ள சிறுவரைக் கொடுமைப்படுத்துவோருக்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. பொலிஸில் முறையிடலாம், 1929க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை கிடைக்கும். தனியார் பாடசாலையென்றால் 126 பொதுவாகப் பொருந்தாது. பொலிஸ் முறைப்பாடும் சிவில் வழக்கும்தான் வழி. இயலாமையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்கவே மறுத்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். செலவுக்கு அஞ்சுபவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடட்டும்.

வாய்பேச இயலாத பிள்ளைக்குச் சாட்சி அவன் உடம்புதான். ஆகவே அன்றே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். வாக்குமூலம் எடுக்கும்போது சைகைமொழி தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது நடந்தது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். இருபத்திரண்டு நாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கே யாழ்ப்பாணம் புறப்படச் சொன்னேன்.