இறங்கி வந்த தேயிலை, ஏறி வராத அரசு: குரங்கணிச் சரிவை முன்வைத்துச் சில குறிப்புகள்

போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் பஸ் குரங்கணியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள குடியிருப்புகளில் சிலவற்றுக்கு ஜீப், பலவற்றுக்குக் கால்தான். ஆனால் இந்தச் சரிவைப் 'பாதையே காணாத காடு' என்று சொல்லிவிட முடியாது. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், மாடு இழுத்தது. 1908இல் அது குறும்பாதை ரயிலானது. குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலை டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகக் கப்பலுக்குப் போனது. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பெயர் மட்டும் உச்சியில் நிற்கிறது, ரயில் இல்லாத ஸ்டேஷனாக.

ஆக, இந்த மலையில் பொருளுக்கு வழி கிடைத்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. மனுஷனுக்குத்தான் இன்னும் கிடைத்தபாடில்லை. இன்றும் டாப் ஸ்டேஷனுக்குக் கார் போக வேண்டுமானால் மூணாறு வழி. தேனி மாவட்டத்திலேயே இருக்கிற கொழுக்குமலைக்கு ஜீப் போக வேண்டுமானால் சூரியநெல்லி வழி. தமிழ்நாட்டு மலையைக் கேரளத்தைச் சுற்றிக்கொண்டுதான் அடைய வேண்டியிருக்கிறது.

வறுமையை வருமானக் குறைவாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். வறுமைக் கோடு என்கிற சொல்லே அப்படிப் பார்க்கச் சொல்கிறது. மலையில் வறுமைக்கு வேறு அளவுகோல் வேண்டும்: எத்தனை மணி நேர நடை, எவ்வளவு செங்குத்து, மழை பெய்தால் ஓடையைத் தாண்ட முடியுமா என்பது. ரேஷன் கார்டு கையில இருக்கு, கடை கீழ இருக்கு. அரிசி இலவசம், அதைச் சுமந்து ஏற ஒரு நாள் கூலி போகிறது. பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பதற்கு என்ன அர்த்தம்? உரிமை என்பது காகிதம் என்றால் பொதுச்சேவைதான் அதன் உடல். உடல் ஏறி வராத இடத்தில் காகிதம் மட்டும் வந்து சேர்கிறது.

இதை நீதிமன்றம் அறியாமல் இல்லை. ஹிமாசலப் பிரதேச மலைக்கிராமத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் தொடுத்த வழக்கில் (உமேத் ராம் சர்மா வழக்கு), மலைவாசிக்குச் சாலை என்பது வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லிவிட்டது. அவசர சிகிச்சையை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்று 1996இல் சொன்னது. ஆனால் தீர்ப்புக்கும் சேவைக்கும் இடையே இன்னொரு மலை நிற்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா நல்ல பாடம். நமது அரசியல் சட்டம் சமூக நலன்களைப் பெரும்பாலும் வழிகாட்டும் நெறிகளில் வைத்து, அவற்றை நீதிமன்றம் வழியாக வலியுறுத்த முடியாது என்றும் எழுதிவைத்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் 1996இல் அவர்கள் எழுதிய அரசியல் சட்டமோ வீடு, மருத்துவம், உணவு, தண்ணீர் ஆகியவற்றை வழக்காடத்தக்க உரிமைகளாகவே வைத்தது. கேப் டவுன் அருகே குடிசைகளிலிருந்து விரட்டப்பட்ட ஐரீன் க்ரூட்பூமும் மற்றவர்களும் வழக்குப் போட்டு 2000இல் வென்றார்கள். மிக மோசமான நிலையில் இருப்பவர்களை விட்டுவிடுகிற எந்தத் திட்டமும் நியாயமான திட்டமல்ல என்றது அரசியல் சட்ட நீதிமன்றம். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு இது. ஆனால் 2008இல் க்ரூட்பூம் இறந்தபோது அவருக்கு வீடு கிடைத்திருக்கவில்லை.

இதனால் சட்டமே வீண் என்றாகிவிடாது. சட்டத்தில் நமக்கு உதவுகிற வரி எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பட்டாச் சட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதன் 3(2) பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும், பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு அரசு வன நிலத்தைத் தரலாம் என்கிறது அது. நிபந்தனைகள்: ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வெட்டப்படும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல்தான் தடை நீங்கியது. சட்டம் இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய வருஷங்கள் அப்படிக் கழிந்தன.

ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். நான்கு மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் இரண்டரைக் கிலோமீட்டரில் முடிந்துபோகும். உச்சி வரை போகிற சாலை இந்தப் பிரிவுக்குள் அடங்காது. ஆனால் ஒரு துணைச் சுகாதார நிலையமும், ரேஷன் கடையும், அங்கன்வாடியும் தாராளமாக அடங்கும். இங்கேதான் நமது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. "ரோடு எப்ப வரும்?" என்பது மக்கள் இறங்கி வருவதற்கான கேள்வி. "நர்சம்மா எப்ப மேல வருவாங்க?" என்பது அரசு ஏறி வருவதற்கான கேள்வி. முதல் கேள்விக்கு வனத்துறையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கு இல்லை.

சாலை வந்தால் ரிசார்ட் வரும், காடு போகும் என்கிற அச்சம் பொய்யல்ல. சுற்றுலா ஜீப்புகள் வந்த மலைகளைப் பார்த்திருக்கிறோம். ஆனால் காட்டைக் காப்பாற்றும் விலையை முதுவர், பளியர் வீட்டுக் கர்ப்பிணி மட்டும் கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? யாருக்கான பாதை, எவ்வளவு அகலம் என்பதைக் குடியிருப்பின் கிராம சபை தீர்மானிக்கட்டும். தேயிலைக்குக் கம்பி கட்டியபோது இந்தச் சரிவில் யாரையும் கேட்கவில்லை.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சத்தம் கேட்டு முதலில் ஏறி ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. வந்தது சரியே, வராமல் இருந்திருந்தால்தான் குற்றம். ஆனால் அரசால் இந்த மலையை ஏறவே முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஏற முடியும் என்றால், வாரம் ஒருமுறை தடுப்பூசிப் பெட்டியோடு ஏறட்டும்.

நமது அரசின் அகராதியில் மலைவாசிக்குப் 'பயனாளி' என்று பெயர். நலத்திட்ட விழாவுக்குக் கீழே இறங்கி வந்து, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறவர். கிராம சபையில் தீர்மானம் போட்டு, 3(2) என்று எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்கிறவரை அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. அந்தத் தீர்மானத்தை எழுத உட்காரும்போது பக்கத்தில் இருப்பதுதான் நம் போன்றவர்களுக்கு உள்ள வேலை.